பட்டிக்காட்டான் நடை

கைபேசி வரைபடம் அதைத் தெரு என்றுதான் காட்டியது. முனையில் தெருப் பெயர்ப் பலகையும் இருந்தது. தெருவைத்தான் காணோம். மலைச்சரிவில் சிமெண்டுப் படிகள் ஏறிப் போயின. ஒரு பக்கம் துருப்பிடித்த குழாய்க் கைப்பிடி, இரு பக்கமும் புதர். அண்ணாந்து பார்த்தால் உச்சியில் யாரோ கொடியில் காயப்போட்ட துணி. பிட்ஸ்பர்க்கில் இப்படி ஏறத்தாழ 800 பொதுப் படிக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பல சட்டப்படி தெருக்கள்தாம். பெயர் உண்டு, சிலவற்றில் வீடுகளும் உண்டு, கார் மட்டும் போகாது. காகிதத்தில் மட்டும் தெரு என்பதால் ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் காகிதத் தெரு.

அலெகெனி, மோனோங்காஹேலா என்ற இரண்டு ஆறுகள் கூடி ஒஹையோ ஆறாகிற இடத்தில் இருக்கிறது ஊர். ஆற்றோரச் சமதளத்தை எஃகு ஆலைகள் பிடித்துக்கொண்டன. ஆலையில் வேலை செய்தவர்களுக்குச் சரிவு மிஞ்சியது. ஷிஃப்டுக்கு இறங்கினார்கள், ஷிஃப்டு முடிந்து ஏறினார்கள். படிக்கட்டுகள் அதற்காகக் கட்டியவை. 1940களில் புகைமூட்டம் தாளாமல் நண்பகலில் தெருவிளக்கு எரிந்த ஊர் இது. சவுத் சைடில் ஜோன்ஸ் அண்ட் லாக்லின் ஆலை நின்ற நிலத்தில் இப்போது கடைகளும் அலுவலகங்களும் இருக்கின்றன. படிகள் அப்படியே இருக்கின்றன. ஏறுவதற்குத்தான் ஆள் குறைவு.

கழுத்தில் பழைய நிக்கான் எஃப்எம்2 தொங்க நான் ஏறினேன். பாதியில் மூச்சு வாங்க நின்றபோது பக்கத்து வீட்டு முன்திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் குரல் கொடுத்தார்.

“வழி தவறிட்டீங்களா?”

இல்லை, நடக்கிறேன் என்றேன்.

“எங்கே?”

எங்கேயும் இல்லை என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை என்பது நாற்காலியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது. கேமராவைத் தூக்கிக் காட்டினேன். “ஓ, படம் எடுக்கறீங்களா” என்று மறுபடி சாய்ந்துகொண்டார். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாக வந்தது. அவர் அப்பா இந்தப் படியில் இறங்கித்தான் ஆலைக்குப் போனாராம்.

அமெரிக்காவில் இருந்த ஐந்து மாதத்தில் வாரம் இரண்டு முறையாவது இந்தக் கேள்வி வந்தது. காரோ நாயோ ஓட்டப் பயிற்சிக்கான உடுப்போ இல்லாமல் ஒருவன் மெதுவாக நடந்தால் அங்கே அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். கேமரா அந்தக் காரணமாக இருந்தது. முதல் மாதம் நான் அதைப் படம் எடுப்பதற்காகக் கொண்டுபோனேன் என்று சொல்வதைவிட அனுமதிச் சீட்டாகக் கொண்டுபோனேன் என்பதே சரி. சில நாள் உள்ளே ஃபிலிமே இருக்காது.

மகள் வீடு புறநகரில். அங்கே நடைபாதை என்பதே கிடையாது. தெரு ஒரு வட்டத்தில் முடியும். விசிட்டர் விசாவில் வந்த நம் ஊர்ப் பெற்றோர்கள் காலையும் மாலையும் அந்த வட்டத்தை நவக்கிரகம் சுற்றுவதுபோலச் சுற்றுவார்கள். சேலைக்குக் கீழே ஸ்னீக்கர், வேட்டிக்கு மேலே குளிர்ச்சட்டை. யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது, சனிக்கிழமை வந்தால்தான் வெளியுலகம். நான் நான்காம் நாளே பஸ் நிறுத்தத்தைக் கண்டுபிடித்து நகரத்துக்குள் போய்விட்டேன். “போங்கப்பா, ஆனா யாராவது ஏதாவது கேட்டா நின்னு பதில் சொல்லுங்க, விறுவிறுன்னு நடந்துடாதீங்க” என்றாள் மகள். கூடவே, கண்ட இடத்தில் ரோட்டைக் கடக்காதீர்கள் என்றும் சொன்னாள். அதற்குப் பெயர் ஜேவாக்கிங்.

அந்தச் சொல்லைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கொச்சையில் ‘ஜே’ என்றால் பட்டிக்காட்டான். பட்டணத்துக்கு வந்து கட்டடங்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு, அடுத்தவர் வழியை மறித்து நடக்கிறவன். நாம் மிட்டாய்க் கடைக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கும் அதே ஆள். அதுவரை தெரு எல்லோருக்கும் பொது. பிள்ளைகள் விளையாடுவார்கள், தள்ளுவண்டிகள் நிற்கும். கார்கள் பெருகி ஆட்கள் அடிபட்டுச் சாகத் தொடங்கியதும் குற்றம் யார்மேல் என்ற கேள்வி வந்தது. கார் வியாபாரம் செய்தவர்களும் கார் சங்கத்தாரும் இந்த வசைச்சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். 1925இல் லாஸ் ஏஞ்சலஸ் கொண்டுவந்த போக்குவரத்துச் சட்டம் நடப்பவனை ஓரத்துக்கும் கோட்டுக்கும் ஒதுக்கியது, மற்ற ஊர்கள் பின்பற்றின. வசவு சட்டமாயிற்று. கலிபோர்னியா 2023இல்தான் அந்தப் பிடியைத் தளர்த்தியது. ஆபத்து இல்லாதபோது குறுக்கே கடந்தவரைப் போலீஸ் பிடிக்கக் கூடாது என்றது. நியூயார்க் நகரம் 2024இல்தான் அதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆனால் நியூயார்க்கில் எந்தக் காலத்திலும் யாரும் சிவப்பு விளக்குக்கு நின்றதாக எனக்குத் தோன்றவில்லை.

கார் எப்படி ஊரைத் தின்றது என்பதை ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டுமென்றால் டெட்ராய்ட் போக வேண்டும். ஹென்றி ஃபோர்டு தன் முதல் வண்டியை 1896இல் கட்டி முடித்த கொட்டகை நின்ற இடத்தில் 1926இல் மிச்சிகன் தியேட்டர் எழுந்தது. அரண்மனை மாதிரியான, ஆயிரக்கணக்கான பேர் உட்காரும் அரங்கம். 1970களில் அதை மூடி, உள்ளே மூன்று தளம் போட்டு, கார் நிறுத்துமிடமாக ஆக்கிவிட்டார்கள். கூரையின் பூ வேலையும் திரைச்சீலையின் கிழிசலும் இன்னும் மேலே தொங்க, கீழே கார்கள் நிற்கின்றன. மகளும் மாப்பிள்ளையும் காரிலேயே உள்ளே கூட்டிப்போனார்கள். நான் இறங்கிப் படம் எடுத்தேன். ஊருக்கு வந்து கழுவிப் பார்த்தால் ஏற்கெனவே நூறு பேர் எடுத்துவிட்ட படம். இடிந்த டெட்ராய்ட்டைப் படமெடுக்க உலகமே போய்வந்துவிட்டது. மிட்டாய்க் கடையில் கூட்டம் அதிகம்.

கேமரா எல்லோருக்கும் அனுமதிச் சீட்டு ஆவதில்லை. ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த ராபர்ட் ஃபிராங்க், கக்கன்ஹைம் நிதி பெற்று 1955இல் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார். ஊர்விட்டு ஊர் போவது பழைய ஃபோர்டு காரில், ஊருக்குள் போனதும் நடை. நவம்பரில் ஆர்கன்சாவில் மெக்கீ என்ற சிற்றூரில் போலீஸ் அவரை நிறுத்தியது. வெளிநாட்டு உச்சரிப்பு, வண்டி நிறையக் கேமரா. மணிக்கணக்கில் உட்காரவைத்து விரல்ரேகை எடுத்து அனுப்பினார்கள். அதே மாதம்தான் நியூ ஆர்லியன்ஸில் அந்த டிராம் வண்டிப் படத்தை எடுத்தார்: முன் ஜன்னல்களில் வெள்ளையர்கள், பின் ஜன்னல்களில் கறுப்பர்கள். 27,000க்கு மேல் எடுத்ததில் புத்தகத்துக்கு வைத்துக்கொண்டது 83. ‘தி அமெரிக்கன்ஸ்’ முதலில் வெளிவந்தது 1958இல், பாரிஸில். அமெரிக்கப் பதிப்பு மறு ஆண்டுதான்.

ஃபிராங்குக்கு நேர்ந்தது சில மணி நேரத் தொல்லை. கார்டன் பார்க்ஸ் கதை வேறு. 1942இல் அவர் வாஷிங்டனில் அரசின் பண்ணைப் பாதுகாப்புத் துறைப் படப்பிரிவில் சேர்ந்தார். தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர், கேமராவை இங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் போய் வா என்றார். ஒரு கோட்டு வாங்கு, ஏதாவது சாப்பிடு, சினிமா பார் என்றார். பார்க்ஸ் கறுப்பர். கடையில் கோட்டு விற்கவில்லை, உணவகத்தில் இடம் தரவில்லை, தியேட்டரில் விடவில்லை. நாட்டின் தலைநகரம் அது. திரும்பிவந்து அவர் எடுத்த படம்தான் அலுவலகத்தைத் துடைக்கும் எல்லா வாட்சன் என்ற பெண், பின்னால் தேசியக் கொடி, ஒரு கையில் துடைப்பம், பக்கத்தில் தரை துடைக்கும் மாப்பு. கேமரா இல்லாமல் நடந்ததுதான் அந்தப் படத்தை எடுத்தது என்று எனக்குத் தோன்றும். இந்தக் கதையைப் படித்த பிறகு என் அனுமதிச் சீட்டைப் பற்றி எனக்கிருந்த பெருமிதம் குறைந்துவிட்டது.

என் பங்குக்கும் ஒன்று நடந்தது. நகர மையத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் எதிர்க் கட்டடம் நெளிந்து தெரிந்தது. நான் நடைபாதையில் நின்றுதான் எடுத்தேன். காவலாள் வெளியே வந்து, படம் எடுக்கக் கூடாது என்றார். பொதுத் தெருவில் நின்று கண்ணுக்குத் தெரிவதை எடுக்க அந்த நாட்டில் உரிமை உண்டு என்று எனக்கு நன்றாகத் தெரியும். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் போகிறவர் வருகிறவர் முகங்களை அவர்கள் அறியாமலே எடுத்துக் காட்சிக்கு வைத்த பிலிப் லோர்கா டிகோர்சியாமீது படத்தில் இருந்த ஒருவர் வழக்குப் போட, 2006இல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டதும் தெரியும். தெரிந்து என்ன? “சாரி” சொல்லிவிட்டு வந்துவிட்டேன். விசாவில் இருக்கிற அறுபத்தாறு வயதுக்காரனுக்குச் சட்டம் தெரிவது ஒன்று, அதை எடுத்துப் பேச வாய் வருவது வேறொன்று.

பிட்ஸ்பர்க்கைப் படமெடுத்தவர்களில் பெரிய பெயர் யூஜின் ஸ்மித். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் பாதரச நஞ்சு தாக்கிய மகளைத் தாய் குளிப்பாட்டும் படத்தை எடுத்தவர் என்றால் நம் வாசகர்களுக்குத் தெரியும். அது 1971இல். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன், ‘லைஃப்’ இதழோடு சண்டையிட்டு விலகியிருந்த ஸ்மித்தை ஸ்டீஃபன் லோரன்ட் என்ற பதிப்பாசிரியர் பிட்ஸ்பர்க்குக்கு அழைத்தார். ஊரைப் பற்றி ஒரு புத்தகம் வரப்போகிறது, அதற்கு நூறு படம் வேண்டும், மூன்று வாரம் போதும். ஸ்மித் 1955 மார்ச்சில் வந்து இறங்கினார். மூன்று வாரம் மாதங்களாக நீண்டது. போனவர் மறுபடி வந்தார். ஏறத்தாழ 17,000 நெகட்டிவ் சேர்ந்தது. ஆலைக்குள் தீப்பொறி தெறிக்கும் முகமூடி, புகைக்கு நடுவே பாலங்கள், ‘கனவு’, ‘பெருமிதம்’ என்ற பெயர்களைத் தாங்கிய தெருப் பலகைகள். ஒவ்வொன்றும் அற்புதம்தான். ஆனால் எது ஊர் என்று அவரால் முடிவுகட்ட முடியவில்லை. இருட்டறையில் வருடங்கள் போயின, கடன் ஏறியது, குடும்பம் கலைந்தது. 1959இல் ஒரு புகைப்பட ஆண்டிதழில் சில பத்துப் பக்கங்களுக்கு ஒரு வடிவம் வந்தது. அதைத் தோல்வி என்றே அவர் கருதினார். அவர் மனத்தில் இருந்த அந்தத் தனிப் புத்தகம் அவர் வாழ்நாளில் வரவில்லை.

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் படுவது, பார்த்தது போதும் என்று சொல்ல அவருக்கு யாரும் இல்லை என்பதுதான். வெளியூர்க்காரனுக்கு எல்லாமே புதிது. எல்லாமே முக்கியம். அடுத்த திருப்பத்தில் இதைவிட நல்லது இருக்கும் என்று கால் இழுக்கும். எனக்கும் இருந்தது அந்த வியாதி, சிறிய அளவில்.

அதே 1955இல், அதே ஊரில், இன்னொருவர் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தார். சார்லஸ் ‘டீனி’ ஹாரிஸ். பிறந்து வளர்ந்தது ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பர் பகுதியில். அமெரிக்கக் கறுப்பர்களின் பெரிய வாரப் பத்திரிகைகளில் ஒன்றான ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ அவருக்கு வேலை கொடுத்திருந்தது. கையில் பெரிய ஸ்பீடு கிராஃபிக் கேமரா, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஃபிளாஷ் பல்பு. இரண்டாம் முறை எடுக்க மாட்டார். ஊர் மேயர் டேவிட் லாரன்ஸ் அவருக்கு வைத்த பெயர் ‘ஒன் ஷாட்’. மற்றப் பத்திரிகைக்காரர்கள் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது இவர் ஒன்று எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

சிக்கனம் ஒரு காரணம். என் சிறுவயதில் எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் 36 படச் சுருளில் 37ஆவது ஒன்றைத் தேற்றிவிட்டால் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருப்பார்; அந்த வகை மனுஷன். ஆனால் சிக்கனம் மட்டும் அந்தப் படங்களைத் தந்திருக்காது. ஹாரிஸின் படங்களில் ஆட்கள் கேமராவைப் பார்க்கவில்லை, அவரைப் பார்க்கிறார்கள். பேஸ்பால் வீரர் ஜோஷ் கிப்சன், பாடகி லீனா ஹார்ன், தேவாலயத்துக்குப் புறப்பட்ட பெண்கள், முடிதிருத்தும் கடை, முதல் நாள் பள்ளிக்கூடம், சவ ஊர்வலம். தெரிந்தவன் வந்தான், எடுத்தான், போனான். நாளைக்கும் இதே தெருவில்தான் நடக்கப்போகிறான், விட்டது ஏதாவது இருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அப்படி நாற்பது ஆண்டு எடுத்து அவர் விட்டுப்போனதும் சின்னக் குவியல் இல்லை, ஏறத்தாழ 80,000 நெகட்டிவ். எண்ணிக்கையில் ஸ்மித்தை மிஞ்சிவிட்டார். ஆனால் அது ஊரைப் பிடித்துவிட வேண்டும் என்று ஓடியவனின் குவியல் இல்லை.

பெரும்பாலானவற்றில் பெயர் எழுதவில்லை. அவருக்குத்தான் எல்லோரையும் தெரியுமே! ஹாரிஸ் 1998இல் இறந்த பிறகு கார்னகி கலை அருங்காட்சியகம் அவற்றை வாங்கியது. வாங்கிப் பார்த்தால் ஆயிரமாயிரம் முகங்கள், யாரென்று தெரியவில்லை. அருங்காட்சியகம் செய்த வேலை எனக்குப் பிடித்தது. படங்களைக் காட்சிக்கு வைத்து, பார்க்க வந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் முதியவர்களிடமே கேட்டார்கள்: இது யார், எந்தத் தெரு, எந்த வருடம்?

கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்தத் தெருக்களில் பாதி இல்லை. 1956இல் நகர நிர்வாகம் ஹில் டிஸ்ட்ரிக்ட்டின் கீழ்ப்பகுதியான லோயர் ஹில்லை இடிக்கத் தொடங்கியது. குடிசை ஒழிப்பு, நகரப் புத்துயிர்ப்பு என்று பெயர். ஸ்மித் அப்போதும் ஊருக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். சுமார் 8,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள்; நூற்றுக்கணக்கான கடைகள், 1957இல் பெத்தேல் ஏ.எம்.இ. தேவாலயம், எல்லாம் போயின. அந்த இடத்தில் 1961இல் கூரை திறந்து மூடும் எஃகுக் குவிமாட அரங்கம் ஒன்று திறந்தார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் அதை வைத்துக் காப்பாற்றத் தோன்றவில்லை. 2011இல் அதையும் இடிக்கத் தொடங்கினார்கள். மிஞ்சியது வாகன நிறுத்தம்.

ஹாரிஸ் படங்களின் நகல்கள் சிலவற்றைக் கைபேசியில் வைத்துக்கொண்டு அங்கே போனேன். நகர மையத்திலிருந்து ஏற்றம்தான், நடந்து பதினைந்து நிமிடம். கிராஃபோர்டு தெருவும் சென்டர் அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஏறி நின்றேன். இடிப்பு இதற்கு மேல் வரக் கூடாது என்று 1960களில் மக்கள் பெரிய பலகை நட்ட முனை அது. வரவிடவில்லை. இன்று அதன் பெயர் ஃப்ரீடம் கார்னர். முனையில் தேவாலயக் கோபுரத்தின் மேல் ஒரு கறுப்புத் துறவியின் சிலை கை விரித்து நிற்கிறது. முதுகுப் பக்கம் மேட்டில் வீடுகள், அகஸ்ட் வில்சன் பிறந்த வீடும் இன்னும் மேலே அங்கேதான். தன் பத்து நாடகங்களில் ஒன்பதை இந்தப் பகுதியிலேயே நடத்திக்காட்டியவர் அவர். முன்பக்கம் கீழே, தார் பூசிய சரிவு, வெள்ளைக் கோடுகள், கார்கள். ஓர் ஓரத்தில் புதிய வங்கிக் கோபுரம். நெடுஞ்சாலைக்கு மேல் மூடி போட்டு 2021இல் திறந்த சின்னப் பூங்கா.

கைபேசியில் வைலி அவென்யூ. 1940கள், இரவு, ஆணும் பெண்ணும் சிரித்துக்கொண்டு ஒரு விடுதியிலிருந்து வெளியே வருகிறார்கள். நிமிர்ந்தால் கோடுகள். நிழற்குடையின் கீழ் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மூதாட்டி நான் மேலும் கீழுமாகப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “என்ன தேடறீங்க?” என்றார். வழி தவறிவிட்டதா என்று கேட்கவில்லை. எனக்கு அது முதல் தடவை. படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார். “டீனி எடுத்தது” என்றார், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல. என் பள்ளிக்கூட வகுப்பையும் எடுத்திருக்கிறார், அதில் நான் கண்ணை மூடிவிட்டேன், இன்னொன்று எடுங்கள் என்று கேட்டதற்கு ‘அடுத்த வருஷம் திறந்து வை’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்றார். பஸ் வந்தது. ஏறிவிட்டார். கேமரா என் கழுத்தில் இருந்தது, நான் அவரை எடுக்கவில்லை. தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

வெளியூர்க்காரனுக்கு வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சிலியிலிருந்து வந்த கமிலோ ஹோசே வெர்காரா 1970களிலிருந்து ஹார்லம், கேம்டன், டெட்ராய்ட் என்று ஏழை நகரப் பகுதிகளில் நடக்கிறார். ஒரே முனைக்குத் திரும்பத் திரும்பப் போய், ஒரே இடத்தில் நின்று எடுப்பார். ஹார்லம் 125ஆம் தெருவில் ஒரு கடைமுகப்பை 1977இலிருந்து எடுத்து வருகிறார். இரவு விடுதி கடையாகி, கடை வேறு கடையாகி, மெத்தை விற்கும் இடமாகி, தேவாலயமாகிறது. தனித்தனியாக அந்தப் படங்கள் ஒன்றுமில்லை. வரிசையாக வைத்தால் கண்ணை எடுக்க முடியாது. அவரும் பட்டிக்காட்டானாகத்தான் வந்தார், மிட்டாய்க் கடையை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு நாற்பது ஆண்டு இல்லை, மூன்று மாதம்தான் மிச்சமிருந்தது. டெட்ராய்ட், கிளீவ்லாந்து, பிலடெல்பியா என்று மகள் போட்டு வைத்திருந்த பட்டியலில் மிச்சத்தை அடித்துவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் அந்தப் படிக்கட்டுக்கே போனேன். திண்ணைப் பெரியவரை மூன்றாம் முறை போனபோதுதான் எடுத்தேன், ஒரே ஒரு படம். கழுவி, பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, பின்னால் தெரிந்த கைப்பிடியைத் தொட்டுக்காட்டி, இதை நகராட்சிக்கு அனுப்பினால் சரிசெய்வார்களா என்று கேட்டார்.

பிட்ஸ்பர்க்கை ஒட்டிய பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோவிலுக்கு ஆண்டுதோறும் நம்மவர்கள் அத்தனை பேர் போகிறார்கள். தரிசனம் முடிந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். ஹாரிஸின் படங்கள் நகரின் ஓக்லாந்து பகுதியில் கார்னகி கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பார்த்துவிட்டு லோயர் ஹில்லுக்குப் போய்க் கொஞ்சம் நடங்கள். காரை எங்கே விடுவது என்ற கவலை வேண்டாம். அதற்கு அங்கே வேண்டிய இடம் இருக்கிறது.